ஒரே கணக்கை எத்தனை முறை எழுதுவது?

சென்னையிலிருந்து கல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழக எல்லைக்குச் சற்று முன்பாக இருப்பது கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் இரும்பு ஆலைகள் பல இயங்குகின்றன. கட்டடங்களுக்கு வேண்டிய டி.எம்.டி. கம்பிகள் இங்கிருந்து லாரி லாரியாகச் செல்கின்றன. உலையில் இரும்பு உருகும் விதத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால், லாரி புறப்படுமுன் ஆலை வாசலில் அச்சாகும் பில்லைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்தப் பில்லுக்குப் பின்னாலும் ஓர் அறிவியல் உண்டு. கணிப்பொறி கற்கும் ஒவ்வொரு மாணவரும் இளமையிலேயே பழக வேண்டிய நல்ல பழக்கம் ஒன்றும் அதில் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு லாரி, இரு கணக்கு

ஒரு லாரியில் 1,00,000 ரூபாய் மதிப்புள்ள கம்பி ஏற்றப்படுவதாகக் கொள்வோம். கம்பிக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. லாரி தெற்கே திரும்பித் திருவள்ளூருக்குச் சென்றால், மத்திய வரி 9,000 ரூபாய், மாநில வரி 9,000 ரூபாய் என்று பில்லில் இரண்டு வரிகள் வரும். அதே லாரி வடக்கே எல்லையைத் தாண்டி ஆந்திரத்தின் தடாவுக்குச் சென்றால், ஒருங்கிணைந்த வரி 18,000 ரூபாய் என்று ஒரே வரி வரும். மொத்தம் ஒன்றுதான், ஆனால் எழுதும் முறை வேறு.

இந்தக் கணக்கு பில்லுக்கு மட்டுமா வேண்டும்? விலை கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும். திரும்பி வந்த சரக்குக்குக் கழிவு எழுத வேண்டும். பழைய இரும்பு வாங்கிய கணக்கைப் பதிய வேண்டும். மாத முடிவில் அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆணைத்தொடர், அதாவது புரோகிராம், உண்டு. வரிக் கணக்கை இவை ஒவ்வொன்றிலும் தனித்தனியே எழுதுவதா? அல்லது ஓரிடத்தில் ஒரே முறை எழுதி வைத்து, எல்லாத் தொடர்களும் அதையே அழைத்துக் கேட்கும்படி செய்வதா? நம் கேள்வி இதுதான்.

ஒரு ரூபாய்ச் சண்டை

தனித்தனியே எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கம்பியின் மதிப்பு 1,00,007 ரூபாய் என்றால், 9 விழுக்காடு வரி 9,000 ரூபாய் 63 காசு. வரியை முழு ரூபாயாக்கும்போது 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாகக் கொள்ள வேண்டும், குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்கிறது மத்திய சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு. ஆகவே வரி 9,001 ரூபாய். பில் போடும் தொடரை எழுதியவர் இதை அறிந்து எழுதினார். மாதக் கணக்குத் தொடரை எழுதிய மற்றொருவர் காசுகளை அப்படியே வெட்டிவிட்டார். பில்லில் 9,001, பேரேட்டில் 9,000. ஒரு ரூபாய்தானே என்று எண்ண வேண்டாம். மாதம் ஆயிரம் பில் போடும் ஆலையில் இந்த வேறுபாட்டைத் தேடிக் களைவதற்குக் கணக்கர்கள் பல இரவுகள் கண்விழிக்க வேண்டும்.

சட்டம் மாறும்போது தொல்லை பெருகும். 2017 ஜூலை 1 அன்று கலால் வரி, மதிப்புக் கூட்டு வரி, மத்திய விற்பனை வரி ஆகியவை போய்ச் சரக்கு சேவை வரி வந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் மீண்டும் மாறின. சிமெண்டின் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. கம்பியின் வரி 18 ஆகவே நின்றது. கணக்கை ஓரிடத்தில் வைத்திருந்தவர் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஐம்பது இடங்களில் எழுதியவர் ஐம்பதையும் தேட வேண்டும். ஒன்றை மறந்தாலும் தவறு. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய பழக்கத்தால் 2000-ஆம் ஆண்டுக்கு முன் உலகெங்கும் ஆணைத்தொடர்களைத் தோண்டித் திருத்த நேர்ந்ததும் இத்தகைய வேலைதான். நம் நாட்டு வல்லுநர்கள் பலர் அதில் ஈடுபட்டனர்.

காகித நாடா நூலகம்

பொதுத் தொடர் என்னும் எண்ணம் புதியதன்று. 1949-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துணைத்தொடர்களாக எழுதி, துளையிட்ட காகித நாடாக்களாகச் சேர்த்து வைத்தனர். அதற்கு நூலகம் என்றே பெயர். வேண்டியவர் நாடாவை எடுத்துத் தம் தொடரில் படியெடுத்துக் கொள்வார்.

வணிகக் கணக்குகளுக்கென்றே நடுத்தர அளவுக் கணிப்பொறிகள் பின்னர் வந்தன. ஐ.பி.எம். நிறுவனம் 1988-இல் வெளியிட்ட ஏ.எஸ்.400 அவற்றுள் புகழ்பெற்றது. அதன் வழித்தோன்றல்கள் இன்றும் பல நாடுகளில் வேலை செய்கின்றன. அவற்றில் பெரிதும் வழங்கும் மொழி ஆர்.பி.ஜி. அம்மொழியில் எழுதுவோர் 1994 முதல் பொதுக் கணக்குகளைச் 'சர்வீஸ் புரோகிராம்' என்னும் தனி அமைப்பில் வைத்துக்கொள்ள முடிந்தது. அதைப் படியெடுக்க வேண்டியதில்லை. ஒரே பிரதி ஓரிடத்தில் இருக்கும். பிற தொடர்கள் ஓடும்போது அதை அழைத்து விடை பெறும். வகுப்பில் ஒவ்வொருவரும் மடக்கை அட்டவணையைத் தம் நோட்டில் எழுதிக்கொள்வதற்கும், சுவரில் மாட்டிய ஒரே அட்டவணையை எல்லோரும் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

மறுப்பும் விடையும்

"சுவரில் மாட்டிய அட்டவணையில் பிழை இருந்தால் வகுப்பு முழுவதுமே தவறு செய்யுமே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் வெடித்துச் சிதறியது. ஏரியான் 4-க்காக எழுதிய தொடரைப் புதிய ராக்கெட்டிலும் பயன்படுத்தியிருந்தனர். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அந்த எண் தனக்கு ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. பழைய இடத்தில் பழுதின்றி ஓடிய தொடர் புதிய இடத்தில் பொருந்துமா என்று சோதிக்காததன் விளைவு இது.

ஆனால் இதற்காகப் பகிர்வதையே கைவிடலாமா? கூடாது. ஐம்பது பிரதிகளில் ஒளிந்திருக்கும் பிழையைவிட ஒரே பிரதியில் உள்ள பிழையைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் எளிது. வேண்டுவதெல்லாம் ஒழுங்கு. பொதுத் தொடரை மாற்றுமுன் விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும்: திருவள்ளூர் லாரி ஒன்று, தடா லாரி ஒன்று, 49 காசு ஒன்று, 50 காசு ஒன்று. என்ன மாற்றினோம், எந்நாளில் மாற்றினோம் என்று எழுதி வைக்க வேண்டும். அடிக்கடி மாறும் வரி விகிதத்தைத் தொடருக்குள் எழுதாமல் தனிப் பட்டியலில் வைக்க வேண்டும். அந்தத் தொடரை அழைப்பவரிடம் சொல்லாமல் அதன் பெயரையோ, அது கேட்கும் விவரங்களையோ மாற்றக் கூடாது.

இந்த ஒழுங்கு இல்லாத சிறு ஆலைகளில், தொடரை எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் கணக்கே ஸ்தம்பித்துவிடும் அபாயம் உண்டு. எது எங்கே இருக்கிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பெயரும் விளக்கமும் கொண்ட பொதுத் தொடர் அடுத்து வருபவருக்கு விட்டுச் செல்லும் சொத்தாகும்.

நீங்கள் செய்யலாம்

மேனிலை வகுப்பில் கணிப்பொறி அறிவியல் எடுத்தவர்கள் சி பிளஸ் பிளஸ், பைத்தான் மொழிகளைப் பயில்கிறீர்கள். நண்பனின் தொடரிலிருந்து பத்து வரிகளைப் பார்த்து எழுதுவது எளிது. ஆனால் அவனுடைய பிழையும் உடன் வரும். அதற்குப் பதிலாக வகுப்புக்கென ஒரு பொது நூலகம் தொடங்குங்கள். முதல் கணக்காக இதை எடுத்துக்கொள்ளலாம். கடை ரசீது ஒன்றில் சரக்கு சேவை வரிப் பதிவெண்ணைப் பாருங்கள். அதில் பதினைந்து எழுத்துகளும் எண்களும் இருக்கும். முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37. ஒரு பதிவெண் தமிழ்நாட்டினுடையதா, அதில் பதினைந்து இடங்கள் உள்ளனவா என்று சொல்லும் ஒரு துணைத்தொடரை ஒருவர் எழுதுங்கள். மற்றொருவர் அதில் குற்றம் கண்டுபிடியுங்கள். மூன்றாமவர் திருத்துங்கள். பிறகு எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள். நாளை ஓர் ஆலையின் கணக்கு உங்கள் கைக்கு வரும்போது இந்தப் பயிற்சி உங்களுக்குத் துணை நிற்கும்.