கடன் தீர்த்த தக்காளி



"டிப்ளமோதானே படிக்கிறே?" என்று இனி யாராவது உதட்டைப் பிதுக்கினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஒரு மலைச்சாலையின் அடிவாரத்தில், ரேடியேட்டர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார் எம்.சி. பைல்ஸ். மேடேறி இன்ஜின் கொதித்த லாரிகள்தான் அவருக்குச் சோறு போட்டன. ஊரார் வைத்த பெயர் 'ரேடியேட்டர் சார்லி'. தாவரவியல் படித்தவரல்ல. வீட்டின்மேல் 6,000 டாலர் கடன் வேறு!

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தோட்டத்தின் நடுவே 'ஜெர்மன் ஜான்சன்' என்ற ரகத்தில் ஒரு செடி. சுற்றிலும் வட்டமாக வேறு பெரிய பழ ரகங்கள். குழந்தைகளுக்குக் காது கழுவும் ரப்பர் குமிழால் வட்டத்துச் செடிகளின் மகரந்தத்தை எடுத்து நடுச்செடிப் பூவில் சேர்த்தார். அதன் விதையில் முளைத்த நல்ல செடி அடுத்த வருஷம் நடுவுக்கு வந்தது. இப்படியே ஆறு வருஷம்! அரைக் கிலோவுக்கும் மேல் எடையுள்ள சதைப்பற்றான பழம் கிடைத்தது. நாற்று ஒன்று ஒரு டாலர் என்று விற்றே கடனை அடைத்தார். ரகத்தின் பெயரும் 'மார்ட்கேஜ் லிஃப்டர்', அதாவது கடன் தீர்த்தான்!

மாற்றிப் பார், அளந்து பார், நல்லதை வைத்துக்கொள், மறுபடி செய். நம்ம ஒர்க்‌ஷாப் பாடமும் இதுதானே?

வீரிய ஒட்டு ரகம் கூடுதலாகக் காய்க்கும், உண்மைதான். விற்று வாழும் விவசாயிக்கு அது தேவை. ஆனால் அதன் விதையை எடுத்துப் போட்டால் தாய்ச்செடி மாதிரியே வராது. மறுபடி கடைக்கு ஓடணும். வீட்டுத் தோட்டத்தின் நாலு செடிக்கும் பாக்கெட்டையே நம்பணுமா? நிலைபெற்ற ரகத்தில் விதை நம் கையில்.

சார்லியின் தக்காளியைத் தேடி அலைய வேண்டாம். நம்ம ஊர்க் கோடையில் பெரிய பழ ரகங்கள் பூவை உதிர்த்துவிடும். நமக்குப் பெரியகுளத்தின் பி.கே.எம்.-1 இருக்கிறது. அண்ணஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து வந்த ரகம். நல்ல செடியில் நன்கு பழுத்ததைப் பறித்து, விதைச் சாற்றை டம்ளரில் இரண்டு நாள் புளிக்க விடுங்கள். வழவழப்பு போனதும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அடுத்த பட்டத்துக்கு விதை ரெடி!

பட்டம் இல்லாத ஒரு மெக்கானிக்கால் முடிந்தது. ஸ்பேனர் பிடிக்கும் நம் கையால் முடியாதா?

சிந்திப்போம்! விதைப்போம்!