பூச முடியாத சுவர்

மேலகரத்தில் சித்தப்பா மகன் வீடு கட்டுகிறான். போன வாரம் நூல் பிடிக்கும்போது கொத்தனார் கேட்டார்: "அண்ணாச்சி, பக்கத்துல ஒரு மீட்டர் சும்மா கிடந்து என்னத்துக்கு? எல்லையிலேயே சுவரை எடுத்துருவோமே." தம்பி என்னைப் பார்த்தான். கூடாது என்றேன்.

தென்காசியில் நான் பிறந்த தெருவில் எல்லாமே ஒட்டிக் கட்டிய வீடுகள். தார்சா, பட்டாசால், அடுக்களை என்று நீளமாகப் போகும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஆனால் உள்ளே வானவெளி இருந்தது. ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய்க் காற்றும் சாரலும் அதில்தான் இறங்கும், அடுக்களைப் புகை அதில்தான் ஏறும். விட வேண்டிய இடத்தை அந்த வீடுகள் நடுவிலேயே விட்டிருந்தன. பிறகு வானவெளிக்கு மேல் தளம் போட்டோம். வெளியிலும் இடம் விடவில்லை.

எங்கள் வீட்டை ஒட்டித் தனிச் சுவரோடு ஒரு மாடி எழும்பியது. இரண்டு சுவருக்கும் இடையே கை நுழையாது. சாரம் கட்ட முடியாததால் எங்கள் சுவரின் வெளிப்பக்கம் பூசப்படவே இல்லை. பூசாத செங்கல் இரண்டு மாதச் சாரலையும் குடிக்கும். ஐப்பசி வரை உள்ளே ஓதம். அம்மா படுத்திருந்தது அந்தச் சுவரோரம்தான். மூச்சிரைப்பு அவளைக் கடைசிவரை விடவில்லை.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. 10 மீட்டருக்குக் குறைந்த சாலை என்றால் முன்னால் ஒன்றரை மீட்டர் விட வேண்டும். சாலை அகல அகல அதுவும் கூடும். பக்கவாட்டு அளவு மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. இப்படிக் காலியாக விடும் செட்பேக் என்றாலே அரசாங்கம் பிடுங்கிக்கொண்ட இடம் என்று நினைக்கிறோம். சாரம் நிற்பதும், கூரைத் தண்ணீர் விழுவதும், சன்னல் திறப்பதும் அங்கேதான். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு, மதுரைக்காரரைவிட அந்த இடம் கூடுதலாகவே வேண்டும்.

2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள்ளான மனையில், ஒரு மாடியோடு 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்றே போதும். விதிப்படி கட்டுகிறேன் என்று கட்டுகிறவரே எழுதிக் கொடுக்கிறார். நல்ல ஏற்பாடு. ஆனால் இனி அந்த ஒரு மீட்டரைக் காக்க வேண்டியவரும் அவர்தான்.

கொத்தனார் முளைக்குச்சியைப் பிடுங்கி, வரைபடத்தில் இருந்தபடி உள்ளே தள்ளி அடித்தார். கார் நிறுத்த இடம் குறைகிறதே என்று தம்பிக்கு இன்னும் வருத்தம்தான்.