'பிறகு பார்ப்போம்'

சில வருஷங்களுக்கு முன் எம்மிடம் வேலை பழக வந்த இளைஞர் ஒருவர், கடிதக் கோவைகளை வேறொரு முறையில் அடுக்கி வைத்தால் தேடும் நேரம் பெரிதும் குறையும் என்று ஒருநாள் தயக்கத்தோடு சொன்னார். வேலை நெருக்கடியில் இருந்த நாம், "பிறகு பார்ப்போம், தம்பி" என்று அனுப்பிவிட்டோம். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அவரும் அதன்பின் எந்த யோசனையையும் எம்மிடம் கொண்டுவரவில்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தார். ஒரு வருஷத்தில் வேறிடம் போய்விட்டார். அடக்கமான பிள்ளை என்று அவரை நாம் பிறரிடம் புகழ்ந்ததுமுண்டு. அவருடைய வாயை அடைத்தவர் நாமே என்பது மிகவும் பிந்தித்தான் எமக்கு விளங்கிற்று.

இன்று 'திறீ எம்' என்று உலகம் அறியும் அமெரிக்கக் கொம்பனி, 1902ஆம் ஆண்டு மினசோட்டா மாநிலத்தில் தொடங்கப்பட்டது. முற்காலத்தில் அது மரத்தையும் உலோகத்தையும் தேய்க்கும் அரத்தாளையே பெரும்பாலும் செய்து விற்றது. 1921இல் அதன் ஆய்வுகூடத்தில் சேர்ந்த றிச்சர்ட் ட்றூ என்னும் இளைஞர், அரத்தாளைப் பரீட்சிப்பதற்காக மோட்டார் வண்டிகளுக்கு வர்ணம் பூசும் பட்டறைகளுக்குப் போவது வழக்கம். ஒரே வண்டிக்கு இரண்டு வர்ணங்கள் பூசுவது அக்கால நாகரிகம். முதல் வர்ணத்தை மறைக்க ஒட்டிய தாளை உரிக்கும்போது வர்ணமும் சேர்ந்து உரிந்துவிடும். தொழிலாளர் படும் அவதியைக் கண்ட ட்றூ, வர்ணத்தைக் கெடுக்காத ஒட்டுநாடா ஒன்றைத் தாம் செய்து தருவதாக வாக்களித்தார். அதைச் செய்யும் வகை அப்போது அவருக்குத் தெரியாது.

முயற்சி நீண்டது; பயன் கிட்டவில்லை. மேலதிகாரியாகிய வில்லியம் மக்னைற், அதை விட்டுவிட்டு அரத்தாள் வேலையைக் கவனிக்கும்படி பணித்தார். ட்றூ சிறிது பொழுது கீழ்ப்படிந்தார். பின்னர் மீண்டும் நாடாவிலேயே கைவைத்தார். அதைக் கண்ட மக்னைற் ஒன்றும் பேசாமல் போய்விட்டார் என்பர். 1925இல் அந்த நாடா உருவாயிற்று. 1930இல் அதே ட்றூவின் முயற்சியால் ஒளிபுகும் ஒட்டுநாடாவும் சந்தைக்கு வந்தது. கிழிந்த கொப்பியை நம் பிள்ளைகள் இன்று ஒட்டும் நாடா அதன் வழிவந்ததே.

கட்டளையை மீறுவதே பெருமை என்று நாம் சொல்ல வரவில்லை. மேலதிகாரியின் மௌனத்தையே எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். தாம் சொன்னது பிழையாக இருக்கலாம் என்பதற்கு அவர் இடம் வைத்தார். 1948இல் அவர் அதை ஒரு கொள்கையாகவே வகுத்தார்: பொறுப்பை ஒப்படைத்தால் தவறுகள் நேரும், ஆயினும் ஒவ்வோர் அடியையும் மேலிருந்து கட்டளையிடுவதால் நேரும் தவறு அவற்றினும் பெரிது. தொழில்நுட்ப ஊழியர்கள் தம் வேலை நேரத்தில் 15 வீதத்தைத் தமக்குத் தோன்றிய யோசனைகளுக்குச் செலவிடலாம் என்ற வழக்கமும் அக்கொம்பனியில் வேரூன்றிற்று.

நம் கந்தோர்களில் அவ்வளவு நேரம் கொடுக்க முடியாதிருக்கலாம். ஆனால் யோசனை சொன்னவருக்கு ஒரு வாரத்துக்குள் மறுமொழி சொல்லலாம். ஏற்க முடியாதெனில் காரணத்தை விளக்கலாம். ஏற்கத்தக்கதெனில் ஒரு மேசையில், ஓர் அலுமாரியில் சிறிதாகப் பரீட்சித்துப் பார்க்கலாம். பலித்தால் அவர் பெயரைச் சொல்லியே பாராட்டலாம். பலிக்காவிட்டால் அதைப் பரிகாசத்துக்கு உரியதாக்காமல் விடலாம். இவற்றுள் எதற்கும் பணம் வேண்டியதில்லை.

நாளை உங்கள் மேசையருகே ஓர் இளைஞரோ யுவதியோ தயங்கியபடி வந்து நின்றால், கையிலுள்ள பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆசனத்தைக் காட்டுங்கள். எமக்கு அந்தச் சந்தர்ப்பம் திரும்ப வரவில்லை.