தலைக்கணக்கில் உண்டு, இடக்கணக்கில் இல்லையா?

குறைந்த புள்ளி பெற்றவனுக்கு மருத்துவ பீடத்தில் இடமா என்று தலைநகரத்திலே சிலர் கேட்கின்றனர். பதுளை மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி தாழ்ந்திருப்பதைக் காட்டி, கொல்லைப்புற வழியாக வந்த வைத்தியர் என ஏளனம் செய்வோரும் உளர். அவர்களுக்கு விடையளிப்பது நமது கடமை. அதனினும் பெரியதொரு வினாவை நமுனுகுல மலைச்சாரலில் நின்று நாம் எழுப்ப வேண்டியும் இருக்கிறது.

முதலில் விடை. மருத்துவ பீட இடங்களில் 40 விழுக்காடு நாடளாவிய திறமை வரிசைக்கும், 55 விழுக்காடு சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 விழுக்காடு கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவை. பதுளை அந்தப் பதினாறில் ஒன்று. ஆகவே, கொழும்பு மாணவனிலும் குறைந்த இசட் புள்ளியோடு பதுளை மாணவன் உள்ளே நுழைய முடிகிறது. நுழைந்தபின் அவனுக்கெனத் தனிப் பாடமுமில்லை, தனிப் பரீட்சையுமில்லை. நுழைவாயில் வேறாயினும் வெளிவாயில் ஒன்றே. பிறகு ஏளனம் எதற்கு?

தரப்படுத்தல் எனும் சொல் தமிழர் நெஞ்சில் ஆறாத வடு என்பதை நாம் மறக்கவில்லை. 1970ஆம் ஆண்டில் மருத்துவ அனுமதிக்கு, 400 புள்ளிகளில் தமிழ் மாணவன் 250 பெறவேண்டும், சிங்கள மாணவன் 229 பெற்றாற் போதும் என மொழிவழியே கோடு கிழிக்கப்பட்டது. அது அநீதி. ஆயினும், பேசும் மொழிக்காக ஒருவனைத் தண்டிப்பது வேறு; ஆய்வுகூடத்தையே கண்டறியாத பாடசாலையிற் படித்தவனுக்கு ஈடு செய்வது வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் தகாது.

இனி நமது வினா. அந்த ஈடு யாரைப் போய்ச் சேருகிறது?

மாவட்டத்தின் பங்கு சனத்தொகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. பசறை, நமுனுகுல, தெமோதரை, அப்புத்தளைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்வோரும் அந்தச் சனத்தொகையில் அடங்குவர். அவர்தம் தலைகளையும் எண்ணியே பதுளைக்கு இடங்கள் பெறப்படுகின்றன. பெற்ற இடங்களிலோ, தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகள் மிகச் சிலரே அமர்கின்றனர். நகரத்துப் பிள்ளைகள் மீது நமக்குப் பொறாமையில்லை. தலைக்கணக்கில் உண்டென்ற மக்கள் இடக்கணக்கில் மறைந்துபோவது ஏன் என்றே வினவுகிறோம்.

காரணம் மறைபொருளன்று. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் உயர்தர வகுப்பிலே தமிழில் கற்பிக்கும் பாடசாலை தோட்டப்புறத்தில் அரிது. ஆசிரியர் இருக்குமிடத்தில் ஆய்வுகூடமில்லை. ஆய்வுகூடம் இருக்குமிடத்தில் ஆசிரியரில்லை. நகரில் தங்கிப் படிக்கப் பெற்றோரிடம் பணமில்லை. எனவே அறிவுமிக்க பிள்ளையும் கலைப்பிரிவோடு அமைகிறது. மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் நாள் அதன் வாழ்வில் வருவதேயில்லை. 1945இல் பிறந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1948இல் குடியுரிமையும் பறிபோயிற்று. அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். கால் நூற்றாண்டு பிந்தி ஓடவிடப்பட்டவனைப் பார்த்து, நீ ஏன் பின்தங்கினாய் என்று கேட்பது அறமாகுமா?

இது பட்டத்துக்கான ஆசை மட்டுமன்று, உயிர்ப் பிரச்சினை. தோட்ட மருந்தகத்தில் இருப்பவர் பெரும்பாலும் வைத்தியரல்லர், உதவியாளரே. நோயுற்ற தாய் மலைப்பாதையில் பசறைக்கோ பதுளைக்கோ இறங்க வேண்டும். இறங்கிய பின்னரும் தன் நோவைத் தன் மொழியிற் சொல்லமுடியாது தவிப்போர் எத்தனை பேர்! லயத்திலே பிறந்த ஒருவர் வைத்தியராகத் திரும்பி வந்தால், அந்தத் தாயின் வாய்ச்சொல்லே பாதி மருந்தாகும்.

வெட்டுப்புள்ளியை இன்னும் தாழ்த்துக என்று நாம் கேட்கவில்லை. வாசலுக்கு வரும் பாதையே இல்லாதபோது, வாசற்படியைத் தாழ்த்தி என்ன பயன்? நாம் கேட்பவை மூன்று. தோட்டப்பகுதி ஒவ்வொன்றுக்கும், தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கும் முழுமையான உயர்தரப் பாடசாலை ஒன்று, விடுதியோடு வேண்டும். மாவட்டப் பங்கில் மருத்துவம் புகுவோர் எந்தெந்தப் பாடசாலையிலிருந்து வருகின்றனர் என்ற விவரம் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். பின்தங்கியோருக்கான 5 விழுக்காட்டை மாவட்டம் என்ற பெருங்கூடையில் கொட்டாது, பாடசாலையின் நிலையை அளந்து வழங்க வேண்டும்.

தேர்தல் காலத்தில் தோட்டந்தோறும் ஏறிவரும் தலைவர்களே, மேடையில் நீங்கள் எண்ணுவதும் எங்கள் தலைகளைத்தான். எண்ணியது போதும். அந்தத் தலைகளுக்குள் இருக்கும் அறிவுக்கு வழி திறவுங்கள்!