பூனை பீரோவும் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரனும்

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

செங்கல்பட்டில் என் அத்தை வீட்டில் சமையலறைக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஒரு மர பீரோ நிற்கும். தேக்கு. நெஞ்சு உயரம். ரெண்டு கதவு. எங்க வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது ‘பூனை பீரோ’. ஏன் பூனை? யாருக்கும் தெரியாது. அதில் எங்கேயோ ஒரு பூனையைச் செதுக்கி வெச்சிருப்பாங்க என்று நானும் அத்தை மகனும் தரையில் கவுந்து படுத்துத் தேடியிருக்கிறோம். கிடைத்ததெல்லாம் கரப்பான்பூச்சிதான்.

அத்தை போய் ரெண்டு வருஷமாச்சு. மச்சான் வீட்டை இடிச்சுக் கட்டப் போறான். சாமான்களை ஒழிக்க, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழியில் பழைய கதவு, தூண், ஊஞ்சல் விற்கிற ஒரு கடைக்காரரைக் கூப்பிட்டிருந்தான். அவர் டார்ச் லைட்டோடு வந்தார். அண்டா குண்டாவை எல்லாம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரா பூனை பீரோ முன்னாடி நின்னு, கதவைத் தட்டிப் பார்த்துட்டு, ‘சார், இது டச்சு பீஸ். சதுரங்கப்பட்டினம் கோட்டைல இருந்து வந்திருக்கும். புக்கு வெக்கிற அலமாரி. முந்நூறு வருஷம்’ என்றார்.

மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கலை. எனக்கும்தான், பொய் சொல்வானேன். சதுரங்கப்பட்டினம் கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிற ஊர். டச்சுக்காரர்கள் அங்கே 17-ஆம் நூற்றாண்டில் காலூன்றி மஸ்லின் துணி வாங்கி ஏற்றுமதி பண்ணினவங்க. கோட்டையும், உள்ளே சித்திர வேலை செய்த கல்லறைகளும் இன்னும் இருக்கு. செங்கல்பட்டிலிருந்து கூப்பிடு தூரம்னு சொல்ல முடியாது, ஆனா ஒரு மாட்டு வண்டியில் பீரோ வந்து சேர முடியாத தூரமும் இல்லை. நம்ம அத்தை அந்த பீரோவிலா மோர்ப் பானை வெச்சிருந்தாங்க!

‘சரி, அதையே ரசீதில் எழுதிக் குடுங்க, முந்நூறு வருஷம்னு’ என்றேன். அவர் சிரிச்சார். ரசீதில் ‘பழைய மர பீரோ - 1’ என்றுதான் எழுதுவாராம்.

காரணம் இருக்கு. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய கைவினைப் பொருளெல்லாம் தொல்பொருள் கணக்கில் வரலாம். அதை வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேணும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஆக, வாயால் சொன்னால் முந்நூறு, காகிதத்தில் எழுதினால் வயசே கிடையாது. என் சந்தேகம் அங்கேதான் முளைச்சுது.

மச்சானிடம் ஒரு வாரம் தவணை வாங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்குரூ டிரைவர், டார்ச், பழைய பல் தேய்க்கிற பிரஷ் சகிதம் போய் உட்கார்ந்தேன்.

முதல் வேலை, ஒரு கீலைக் கழட்டினது. உள்ளே இருந்த ஸ்குரூவின் முனை கூராக இருந்தது. இதில் என்ன என்பவர்களுக்கு: பழைய கால ஸ்குரூவுக்கு முனை மொட்டையாக இருக்கும், முதலில் ஓட்டை போட்டுட்டுத்தான் ஏத்தணும். மிஷினில் செய்த கூர்முனை ஸ்குரூ பரவலானது 1840-களின் கடைசிக்கு மேல்தான். டச்சுக்காரர்களோ 1824-ல் ஆங்கிலேயரோடு போட்ட ஒப்பந்தப்படி, அடுத்த வருஷமே சதுரங்கப்பட்டினத்தைக் கொடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. கீலைப் பிற்பாடு யாராவது மாத்தியிருக்கலாமே என்று நீங்க கேட்கலாம். நியாயம்தான். மாத்தியிருந்தால் பழைய ஓட்டைகளை அடைச்ச தடம் இருக்கணும். இல்லை. பின்பக்கச் சட்டத்தில் ரம்பத்தின் தடம் வில் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. அது வட்ட ரம்பம், அதாவது மிஷின் வாள். கையால் அறுத்த மரத்தில் கோடு நேராக இருக்கும். டச்சுக்காரன் கதை இத்தோடு முடிஞ்சுது. நூறு வருஷத்தைத் தொடுமா என்பதே சந்தேகம்.

அப்புறம்தான் சுவாரசியமே. கதவிலும் ரெண்டு பக்கத்திலும் பிளைவுட் அடிச்சிருந்தது, அது பிற்பாடு செய்த வேலைன்னு பார்த்தாலே தெரியும். ஒரு மூலையைப் பெயர்த்தால், சட்டத்தைச் சுத்தி விரலளவு இடைவெளியில் வரிசையாகக் குட்டிக் குட்டி ஆணி ஓட்டைகள். பீடிங்குக்கு அடியில் துருப்பிடிச்ச கம்பிவலைத் துணுக்கு. முதுகுப் பக்கமும் அதே கதை. ஆக, நாலு பக்கமும் காத்து புகுந்து புறப்படுகிற பெட்டி இது. உள்ளே தட்டும் முழுப் பலகை இல்லை, இடைவெளி விட்டு அடிச்ச ரீப்பர். நாலு காலிலும் கீழே ரெண்டு அங்குலம் வரை கறுப்பு, அளவெடுத்த மாதிரி ஒரே மட்டத்தில். அது தண்ணீர்க் கோடு. எறும்பு ஏறாமல் இருக்க நாலு காலையும் தண்ணி ஊத்தின கிண்ணத்தில் நிறுத்தியிருக்காங்க.

கடலோர ஈரக் காத்தில் புத்தகத்தை எவனாவது நாலு பக்கமும் வலை அடிச்ச பெட்டியில், காலைத் தண்ணியில் ஊற வெச்சுப் பாதுகாப்பானா? சாப்பாடு வெக்கிற பெட்டி இது. பூனை நுழையாத பெட்டி. பூனை பீரோ! பெயரிலேயே பதில் இருந்திருக்கு, நாங்கதான் செதுக்கின பூனையைத் தேடியிருக்கோம் :-)

ஒண்ணே ஒண்ணு மட்டும் இடிச்சுது. மேல் சட்டத்தில் உள்பக்கமாக ரெண்டு இரும்புக் கொக்கி, கட்டை விரல் கனத்தில். அத்தை அதில் வாழைப்பழச் சீப்பு தொங்க விட்டது எனக்கே ஞாபகம் இருக்கு. ஆனால் சீப்புக்கு எதுக்கு இவ்வளவு கனமான கொக்கி?

மதுராந்தகத்தில் இருக்கிற சின்ன அத்தைக்கு போன் போட்டேன். வயசு எண்பதுக்கு மேல. ஞாபகம் மட்டும் கத்தி.

‘அதுவாடா? அது கறி வெக்கிற பெட்டி. ரயில்வேல இருந்த சட்டைக்காரங்க குடும்பம் ஆஸ்திரேலியா போனப்ப சாமான ஏலம் விட்டாங்க. உங்க மாமா எடுத்துக்கினு வந்துட்டாரு. எங்க அக்கா ஒரு வாரம் வாசல்லயே நிறுத்தி வெச்சி சீயக்காயும் மஞ்சத்தண்ணியும் போட்டுத் தேச்சா. ஆளுங்க கேட்டா பூனைக்குப் பயந்து வாங்கினதுன்னு சொல்லுன்னாரு மாமா. நீயும் யார் கிட்டயும் சொல்லாத.’

எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை வாங்கி வந்த சித்தப்பாவைத் திண்ணையோடு நிறுத்தின குடும்பம். ஐம்பது வருஷம் தயிரும் மோரும் நெய்யும் கறிப் பெட்டியில் வெச்சுச் சாப்பிட்டிருக்கோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை.

நிற்க. சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன்.

ஒரு பழைய சாமானைப் பார்த்தால் நாம் கேட்கிற முதல் கேள்வி எத்தனை வருஷம், எந்த ராஜா, எந்த வெள்ளைக்காரன் என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஏத்த பதிலைக் கடைக்காரர் தயாரா வெச்சிருக்கார். குத்தம் அவருடையது மட்டும் இல்லை, நம்முடையதும்தான். கேட்க வேண்டியது, இதுக்குள்ள என்ன இருந்துது, யார் இதைத் தினம் திறந்து மூடினாங்க என்று. அந்தப் பதில் கடையில் கிடைக்காது. மரத்திலும், சின்ன அத்தைகள் கிட்டயும்தான் கிடைக்கும். மரம் காத்திருக்கும், சின்ன அத்தைகள் அப்படி இல்லை.

நம்ம ஊர்க் கடைக்காரர்தான் கதை விடுகிறார் என்று நினைச்சுடாதீங்க. பெரிய பெரிய ஆட்களே இந்த விஷயத்தில் சறுக்கியிருக்காங்க, அதுவும் இதே கடற்கரைச் சாமானை வெச்சு. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கருங்காலி மரத்தில் நெருக்கமாகச் செதுக்கின நாற்காலிகள் செய்து ஐரோப்பாவுக்குப் போயிருக்கு. 18-ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்கிற ஆங்கிலேயப் பிரபு லண்டன் பக்கத்தில் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு அப்படிப்பட்ட நாற்காலிகளைத் தேடித் தேடி வாங்கினார். இங்கிலாந்தின் டியூடர் ராஜாக்கள் காலத்துச் சாமான் என்று நம்பித்தான்! ரொம்ப காலம் பலரும் அப்படியே நம்பினாங்க. நம்ம தச்சன் செதுக்கினதுக்கு அவங்க ராஜா பேர்.

இதுக்கு நேர் தலைகீழா ஒண்ணும் இருக்கு. ‘கோரமண்டல் ஸ்க்ரீன்’ என்று உலகமெங்கும் ஏலத்தில் விற்கிற அரக்குப் பூச்சு மடிப்புத் தட்டிகள் இருக்கே, அதுக்கும் நம்ம தச்சனுக்கும் சம்பந்தமே இல்லை. செய்தது சீனாவில். கப்பல் மாறி ஐரோப்பா போன வழி நம்ம துறைமுகங்கள், அவ்வளவுதான். கப்பல் நின்ன இடத்தின் பேர் ஒட்டிக்கிட்டு முந்நூறு வருஷமா கழரலை. இன்னிக்கு கி.க.சாலையில் எந்தத் தூணுக்கும் ‘செட்டிநாடு’ என்று சீட்டு ஒட்டுவதும் அதே வேலைதான். செட்டிநாட்டுத் தூண் பொய் என்று சொல்லலை. எல்லாத் தூணும் செட்டிநாடு ஆக முடியுமா என்று கேட்கிறேன்.

வேணும்னா அதே ரோட்டில் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போய்ப் பாருங்க. 1996-ல் திறந்தது. பழைய வீடுகளை ஊரிலிருந்து பிரிச்சு எடுத்து வந்து அப்படியே திரும்பக் கட்டியிருக்காங்க. வீடு இருக்கிறதால, சாமான் எந்த அறையில் யார் கைக்கு எட்டும்படி இருந்துது என்று கண்ணால் பார்க்கலாம். அதே சாமானைக் கண்ணாடி ஷோரூமில் விளக்குக்குக் கீழே நிறுத்தினால் அது வெறும் மரம்.

பீரோ என்கிற வார்த்தையே எழுதுகிற மேஜைக்கு பிரெஞ்சுக்காரன் வெச்ச பேர்தான். நாம் அதைத் துணி வைக்கிற சாமானாக்கிட்டோம். அலமாரி போர்ச்சுகீசியன் விட்டுட்டுப் போனது. புழங்கிப் புழங்கிப் பொருள் மாறினால் எனக்கு வருத்தம் இல்லை. அத்தை கறிப் பெட்டியைத் தயிர்ப் பெட்டி ஆக்கினது போல. விலைக்காக மாத்தும்போதுதான் எரிச்சல் வருது. 1923-ல் கோத்ரெஜ் இரும்பு பீரோ செய்ய ஆரம்பிச்சுது, 1958-ல் பிரிட்ஜ். மர பீரோவுக்கும் வலைப் பெட்டிக்கும் ஒரே கம்பெனி ரெண்டு தவணையில் ஆப்பு வெச்சிருக்கு. இப்ப இருக்கிற பிள்ளைகளுக்குப் பூனை பால் குடிச்சுடும் என்கிற பயமே தெரியாது. அந்தப் பயம் எப்படி இருந்துதுன்னு காட்ட இந்த மாதிரி நாலு பெட்டிதான் பாக்கி.

கடைக்காரர் திரும்ப வந்தப்போ எல்லாத்தையும் சொன்னேன். பாவம், மனுஷன் நொந்துட்டார். ‘கறிப் பெட்டின்னா எவன் சார் வாங்குவான்? நான் எடுத்துக்கறேன், வலை அடிச்ச இடத்துல கண்ணாடி போட்டுட்டு, கொக்கியக் கழட்டிட்டு, புக்கு பீரோவாவே குடுத்துடறேன். நீங்க வெளிய சொல்லாதீங்க’ என்றார். விலையைப் பாதியாக்கினார். சொல்லாதே என்று கேட்கிற ரெண்டாவது ஆள்!

மச்சான் அரை மனசா இருந்தான். எனக்கு அழுத்திச் சொல்ல உரிமையும் கிடையாது, அது அவங்க அம்மா சாமான். கடைசியில் அவன் சம்சாரம்தான் முடிவு பண்ணினாங்க. ‘வெங்காயம், உருளைக்கெழங்கு வெக்க காத்தோட்டமா ஒண்ணு வேணும்னு ஆறு மாசமா கேட்டுட்டிருக்கேன். இதை வித்துட்டு நாளைக்கு பிளாஸ்டிக் கூடை வாங்கிட்டு வருவீங்களா?’

பிளைவுட்டைப் பெயர்த்தாச்சு. சின்ன அத்தை சொன்னதை அப்படியே தேதி போட்டு ஒரு காகிதத்தில் எழுதி, கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கேன். ‘கறி’ என்கிற வார்த்தையை மச்சான் அடிக்கச் சொன்னான், மாட்டேன்னுட்டேன். கொக்கி ரெண்டும் அப்படியே இருக்கு. ஆசாரி வந்து அளவெடுத்துட்டு, நைலான் வலை போடறதா, எஸ்.எஸ். போடறதான்னு கேட்டுட்டுப் போயிருக்கார்.