பள்ளிக்கூடம் கசக்கும்போது

சென்ற மாதம் நமது நண்பர் ஒருவர் மிகுந்த கோபத்துடன் நம்மைக் காண வந்தார். அவர் கையில் புதல்வனின் மார்க்குப் பட்டியல் இருந்தது. எட்டாம் வகுப்பு வரையில் பள்ளிக்கூடத்துக்கு முதலில் போய்க் கடைசியில் திரும்பிய பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த சில மாதங்களில், காலையில் எழுப்பினால் தலைவலி என்கிறானாம். திங்கட்கிழமையானால் வயிற்று வலியும் சேர்ந்துகொள்கிறதாம். உபாத்தியாயர், 'கவனமில்லை' என்று எழுதியிருந்தார். தகப்பனார், 'சோம்பேறித்தனம்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாட்டியாரின் அபிப்பிராயம், கண் திருஷ்டி. மூவரும் மூன்று விதமாக நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பையனை மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை!

"சாயங்காலத்தில் விளையாடப் போகிறானா?" என்று கேட்டோம்.

நண்பர் சற்று யோசித்தார். "அதையும் விட்டு இரண்டு மாதமாகிறது" என்றார்.

இங்கேதான் நமக்குச் சந்தேகம் உண்டாயிற்று. சோம்பேறிப் பிள்ளை பாடத்தைத்தான் விடுவான், பந்தை விடுவானேன்?

பிடித்தமான காரியங்களில்கூட ருசி அற்றுப்போவது மனச்சோர்வு என்னும் நோயின் முக்கியமான அடையாளம் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். தூக்கமும் பசியும் மாறும். படித்தது மனத்தில் தங்காது. இளம் பிராயத்தினரிடம் இது துக்கமாகத் தோன்றாமல், எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் சுபாவமாகவும் வெளிப்படும். இரண்டு வார காலத்துக்கு மேல் இந்நிலை நீடித்தால் வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

இது எங்கேயோ யாருக்கோ வருகிற விஷயமன்று. 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 100-க்கு 7.3 பேருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டார்கள். அந்தக் கணக்குப்படி 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் சுமார் மூன்று பேர்.

மனம் சோர்ந்தால் பள்ளிக்கூடத்தில் பற்று விட்டுப் போகிறது. பற்று விட்டால் மார்க்கு குறைகிறது, ஏச்சு கூடுகிறது, சிநேகிதர்கள் விலகுகிறார்கள். அதனால் சோர்வு இன்னும் பெருகுகிறது. செக்குமாடு போலப் பிள்ளை இதிலேயே சுற்றிச் சுற்றி வருகிறான். அப்படியானால், பள்ளிக்கூடத்தின் பக்கத்திலிருந்து இந்தச் சுழலை அறுக்க முடியாதா?

முடியும் என்று காட்டியது பீகாரிலுள்ள நாலந்தா ஜில்லா. முன்னொரு காலத்தில் சீனத்திலிருந்தும் மாணாக்கர்கள் தேடி வந்த அதே நாலந்தாதான். அங்கே எழுபதுக்கு மேற்பட்ட அரசாங்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். அதன் முடிவு 2018-ல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. சில பள்ளிகளில், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர் ஒருவரை ஆலோசகராக அமர்த்தினார்கள். அவர் மனநல வைத்தியர் அல்லர். பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, அவர்களே எழுதும் சுவர்ப் பத்திரிகை, போட்டிகள், தனியே வந்து பேச ஓர் இடம் – இவ்வளவுதான் ஏற்பாடு. வேறு சில பள்ளிகளில் இதே வேலையை உபாத்தியாயர்களிடமே ஒப்படைத்தார்கள்.

ஆலோசகர் இருந்த பள்ளிகளில், 'இது நம்முடைய பள்ளிக்கூடம்' என்ற உணர்ச்சியும், ஆசிரியர்–மாணவர் உறவும் மேம்பட்டன. மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்தன. உபாத்தியாயர்களிடம் விட்ட பள்ளிகளிலோ குறிப்பிடத் தக்க பலன் காணவில்லை. இதற்காக உபாத்தியாயர்களைக் குறை கூறலாகாது. பாடமும் பரீட்சையும் நடத்தி, விடைத்தாளும் திருத்துகிற ஒருவரிடம், 'காது கொடுத்துக் கேட்பதும் உம்முடைய வேலை' என்றால் அவர் என்ன செய்வார்? மேலும், மார்க்குப் போடுகிறவரிடம் மனத்தைத் திறக்கப் பிள்ளைகள் அஞ்சுவதும் இயல்புதானே?

ஆகவே, ஒவ்வொரு பள்ளிக்கும் இப்படி ஒருவர் வேண்டுமென்று பெற்றோர்கள் கேட்க வேண்டும். கட்டடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நன்கொடை திரட்டுகிற நாம் இதற்கும் திரட்டலாம். அதுவரையில் வீட்டிலே அந்த வேலையை நாமே பார்க்கலாம். தீர்ப்புச் சொல்வதைச் சிறிது ஒத்திப்போட்டு, முதலில் கேட்டுக் கொள்வதுதான் அந்த வேலை. 'உயிரோடிருந்து என்ன பயன்?' என்ற தோரணையில் பிள்ளை ஒரு வார்த்தை பேசினாலும் அதை விளையாட்டாகக் கொள்ளாமல், அன்றைக்கே உதவி தேட வேண்டும். 2022-ல் இந்திய அரசாங்கம் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

நண்பர் நேற்று மறுபடியும் வந்திருந்தார். நாம் சொன்னபடி மார்க்குப் பட்டியலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, இரவில் மொட்டை மாடியில் பையனுடன் உட்கார ஆரம்பித்தாராம். மூன்று நாள் அவன் வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் அழுதானாம். இப்போது வைத்தியரிடம் அழைத்துப் போய் வருகிறார்.

"மார்க்கு?" என்று கேட்டோம்.

"அது கிடக்கட்டும், நேற்றுப் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான்" என்றார் நண்பர்.