ஆச்சி காசை எடை போடுறதுக்கு முன்னாடி

குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சா வழுக்கி விழுந்த கேஸ் வந்துட்டே இருக்கும். இடுப்பெலும்பு முறிஞ்ச பெரியவங்கன்னா, கூட வர்றவங்க முதல்ல கேக்குறது, "எவ்வளவு ஆகும் சார்?" அடுத்ததா பீரோவுல இருக்கற ஆச்சியோட தங்கக் காசைப் பத்திப் பேச்சு வரும். "பழைய காசு, ஒரு பவுன் தேறும்."

அரசு ஆஸ்பத்திரி ஆபரேஷனுக்குக் காசை விக்கத் தேவையே இல்ல. முதல்ல அதைத் தெரிஞ்சுக்கோங்க.

எனக்குப் பழைய நாணயம் பாக்குற கிறுக்கு உண்டு, அதான் இந்த த்ரெட். நாம 8 கிராமைப் பவுன்னும் சவரன்னும் சொல்றோமே, ரெண்டும் அந்தக் காசோட பேர்தான். பிரிட்டிஷ் சாவரின் 22 காரட், 7.98 கிராம். இந்தியாவுல 15 ரூபாய்க்குச் செல்லுபடியாச்சு.

அதுல ஒரு வகை இந்தியாவுலயே அடிச்சது. முதல் உலகப் போர் நடந்த 1918ல மட்டும், பம்பாயில, சுமார் 13 லட்சம் காசு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைவீரன். குதிரைக்குக் கீழ, வருஷத்துக்கு மேல இருக்கற தரைக்கோட்டுல ஆங்கில 'ஐ' எழுத்து பொடிசா இருந்தா அது பம்பாய்க் காசு. லென்ஸ் வேணும்.

உரசிப் பாத்து எடை போடுற கடையில அந்த எழுத்துக்கு மதிப்பு கிடையாது, உருக்கிடுவாங்க. அமெரிக்காவுல 1933ல 4,45,500 இருபது டாலர் தங்கக் காசு அடிச்சு, வெளிய விடாம அரசாங்கமே கிட்டத்தட்ட எல்லாத்தையும் உருக்கிடுச்சு. தப்பிச்சதுல ஒண்ணு 2021 ஏலத்துல 1.89 கோடி டாலருக்குப் போச்சு. அங்க அரசாங்கம் செஞ்சதை இங்க நாமளே கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செஞ்சுட்டிருக்கோம்.

உடனே கோடி கனவு வேண்டாம். பம்பாய்க் காசு அவ்வளவு அபூர்வம் இல்ல; நல்லா இருந்தா தங்க விலைக்கு மேல கொஞ்சம் கிடைக்கும். மாலையில கோக்க வளையம் பத்த வச்சிருந்தா அதுவும் குறையும். புளி போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிடாதீங்க, சேகரிக்கிறவங்க அதைத் தொடமாட்டாங்க. கல்ஃப்ல இருக்கற பையன்கிட்ட கொடுத்து அங்க வித்துக்கலாம்னும் நினைக்காதீங்க. நூறு வருஷம் தாண்டின நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள், தனியாள் வெளிநாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது.

விக்கத்தான் வேணும்னா நகைக்கடையில ஒரு விலை, நாணய வியாபாரிங்க ரெண்டு பேர்கிட்ட ஒரு விலை கேளுங்க. அவசரம்னா அடகு வைங்க, பிறகு மீட்டுக்கலாம். "பழைய காசுக்கு லட்சக்கணக்குல தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க"ன்னு ஃபோன் வந்தா கட் பண்ணுங்க. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லியே இப்படி ஏமாத்துறாங்கன்னு அந்த வங்கியே 2021ல எச்சரிச்சிருக்கு.